ஆற்றங்கரைக் கிரவல் குழியை வெள்ளத்திலிருந்து காத்தல்: புதிதாகத் தொடங்குவோருக்கு

யாழ்ப்பாணத்தில் குடியிருந்துகொண்டு வன்னியில் காணி வைத்திருப்போர் பலர். அக்காணி கனகராயன் ஆறு, மண்டைக்கல்லாறு, பாலியாறு போன்ற ஏதாவதோர் ஆற்றை அண்டியதாகவும், வீதி வேலைகளுக்காக ஒரு காலத்தில் கிரவல் அகழப்பட்டதாகவும் இருந்தால், இன்று உரிமையாளருக்கு எஞ்சியிருப்பது ஒரு குழி. அதைத் தூர்த்துப் பயிர் செய்வதா, குளமாக விட்டு மீன் வளர்ப்பதா, தோப்பாக்குவதா என்பது அவரவர் விருப்பம். எதைச் செய்தாலும், ஏதோ ஒரு மாரியில் ஆறு தன் பழைய வழியை விட்டுக் குழிக்குள் திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பொறியியல் படிக்காத காணிக்காரரும், கமக்கார அமைப்பில் புதிதாகப் பொறுப்பேற்றவரும் இவ்வேலையை எந்த ஒழுங்கில் செய்யலாம், எங்கே பொறியியலாளரைக் கூப்பிட வேண்டும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

ஆறு எந்தப் பக்கத்தால் உடைக்கிறது

ஆற்றுக்கும் குழிக்கும் நடுவே கிடக்கும் நிலத்துண்டை இடைக்கரை என்று வைத்துக்கொள்வோம். இடைக்கரையைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஆற்றுப் பக்கத்தில் நின்று, அங்கே அரிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். ஆற்றின் வளைவில் அமைந்த காணியாயின் அது சரியான கவலைதான். ஆனால் வெள்ளத்தில் உடைகின்ற இடைக்கரைகள் பல உடைவது மறுபக்கத்திலிருந்து, அதாவது குழிப் பக்கத்திலிருந்து.

அது நடக்கும் விதம் இது. ஐப்பசி கார்த்திகையில் ஆறு கரை முட்டி வரும் வேளையில் குழியின் நீர்மட்டம் பல அடி கீழே கிடக்கும். இடைக்கரையின் மேலால் வழியும் முதல் நீர், மெல்லியதாக இருந்தாலும், குழிப்பக்கச் செங்குத்துச் சுவரில் அருவிபோல் விழுந்து அதன் அடியைக் குடைகிறது. அடி குடைந்ததும் மேல் மண் இடிந்து விழும். இடிந்த இடத்தில் நீர் இன்னும் குவிந்து பாயும். வெட்டு முகம் குழியிலிருந்து ஆற்றை நோக்கிப் பின்னேறிக்கொண்டே போகும். அது ஆற்றுக் கரையைத் தொட்ட கணத்தில் ஆற்றின் நீரெல்லாம் குழிக்குள் இறங்கத் தொடங்கும். கிரவல் மண்ணில் இவ்வளவும் ஓர் இரவுக்குள் முடிந்துவிடக் கூடும்.

கெடுதி அத்துடன் நிற்பதில்லை. ஆற்றின் அடித்தளம் குழியின் ஆழத்துக்கு இறங்க முயல்வதால் வெட்டு மேல்நோக்கி ஏறி, மேலே உள்ள பாலத்தின் தூணையும் அயலவரின் கரையையும் தாக்கும். ஆறு சுமந்துவந்த மணல் குழிக்குள்ளேயே தங்கிவிடுவதால், கீழே மணலின்றிப் பாயும் நீர் அங்குள்ள கரைகளை அரிக்கும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஈஸ்ட் போர்க் லூயிஸ் என்னும் ஆறு 1996 ஆம் ஆண்டு வெள்ளத்தில் ரிட்ஜ்பீல்ட் குழிகள் எனப்படும் கிரவல் குழிகளுக்குள் திரும்பி, தன் பழைய வழியின் ஒரு பகுதியைக் கைவிட்டது. 2013 செப்டெம்பரில் கொலராடோ மாநில வெள்ளத்திலும் ஆற்றோரக் குழிகளின் கரைகள் பல உடைந்தன. அவை வேறு நாட்டு ஆறுகள், நம்முடையவை மாரி ஆறுகள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஆண்டு மழையின் பெரும்பங்கு மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீரும் நாட்டில், வற்றிக் கிடக்கும் குழியை நிறைந்து வரும் ஆறு சந்திப்பது ஒவ்வோர் ஆண்டும் நடக்கும் காரியம்.

ஆகவே கவனிக்க வேண்டியவை இரண்டு. குழிப்பக்கச் சரிவு தாழ்வாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். அத்துடன் வெள்ளம் எங்கே குழிக்குள் நுழையலாம் என்பதை நாமே தீர்மானித்து, அந்த இடத்தைக் கல்லால் கட்டிக் கொடுக்க வேண்டும். வன்னியில் வான், அதாவது மிகை நீர் வழிந்தோடும் வழி, இல்லாத குளத்தை எவரும் கட்டுவதில்லை. குழிக்கும் ஒரு வான் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் அடிப்படை.

முதலில் அளந்துகொள்ளுங்கள்

வைகாசி தொடங்கி ஆவணி வரையிலான கோடையில் காணிக்குப் போங்கள். இடைக்கரையின் மிக ஒடுங்கிய இடத்தின் அகலம், குழியின் ஆழம், குழிப்பக்கச் சரிவின் சாய்வு, இடைக்கரை மேற்பரப்பின் உயர வேறுபாடுகள் ஆகிய நான்கும் தேவை. நில அளவையாளரை அழைக்க வசதியில்லாவிடில், மேசன்மார் வீட்டு அத்திவாரத்துக்கு மட்டம் பார்க்கும் தெளிவான பிளாஸ்டிக் குழாயில் நீர் நிரப்பி, பத்து மீற்றருக்கு ஒரு முளை அடித்து உயரம் குறித்தாலே ஆரம்பத் திட்டத்துக்குப் போதும். இவ்வாறு பார்க்கையில் கண்ணுக்குத் தட்டையாகத் தெரியும் இடைக்கரையில் ஒன்றிரண்டு தாழ்வுகள் அகப்படும். பழைய டிப்பர் பாதை இறங்கிய இடம், மாடு தண்ணீருக்குப் போகும் தடம் என்பனவே பெரும்பாலும் அவை. திட்டமின்றி விட்டால் வெள்ளம் நுழையப்போவது அங்கேதான்.

அடுத்தது வெள்ளமட்டம். 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஏற்பட்ட வெள்ளத்தை அயலில் உள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நீர் எந்த மரத்தில் எவ்வளவு உயரத்துக்கு ஏறியது, எந்த வீட்டுத் திண்ணையைத் தொட்டது என்று கேட்டு, அந்த உயரத்தை உங்கள் முளைகளுடன் ஒப்பிட்டுக் குறியுங்கள். ஒருவரிடம் மட்டும் கேட்காமல் மூன்று நான்கு பேரிடம் கேட்டால் மிகை தானாகக் கழிந்துவிடும். இரணைமடு போன்ற பெரிய குளத்துக்குக் கீழே காணி உள்ளவர்கள் இன்னொன்றையும் எண்ண வேண்டும்: வான் கதவுகள் திறக்கப்படும்போது ஆறு மழையைப் போலப் படிப்படியாக ஏறாது, சில மணித்தியாலங்களுக்குள் ஏறிவிடும்.

கடதாசி வேலை

ஆற்றோரத்தில் அரச ஒதுக்கு நிலம் இருக்கும். உங்கள் உறுதியில் எல்லை ஆறு என்று எழுதியிருந்தாலும் அந்த ஒதுக்கினுள் மண் வெட்டவோ அணை போடவோ நீர்ப்பாசனத் திணைக்களத்தையும் பிரதேச செயலகத்தையும் கேளாமல் இறங்கக் கூடாது. வயல் வாய்க்கால்களும் சிறு குளங்களும் அண்டியிருந்தால் கமநல சேவை நிலையத்துக்கும் தெரிவிக்க வேண்டும். குழி அனுமதியுடன் அகழப்பட்டதாயின், 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம் விதித்த நில மீட்பு நிபந்தனைகளின் பிரதியைக் கேட்டுப் பெறுங்கள். அகழ்ந்தவர் செய்யாமல் விட்ட வேலையை உங்கள் காசில் செய்யும் முன் அதைப் பார்ப்பது நல்லது. எதிர்க்கரைக் காணிக்காரரிடமும் கதைத்துவிடுங்கள். உங்கள் கரையை உயர்த்தினால் வெள்ளம் அவருடைய பக்கம் ஏறும் என்பதால், இடைக்கரையை வெள்ளமட்டத்துக்கு மேல் உயர்த்தும் எந்தத் திட்டமும் சண்டையில்தான் முடியும். நான் அதைப் பரிந்துரைப்பதும் இல்லை. வெள்ளம் மேலால் போகட்டும், உடைக்காமல் போனால் போதும்.

குழிப்பக்கச் சரிவு

அகழ்ந்தவர் பெக்கோ இயந்திரத்தால் நிமிர்த்தி வெட்டிவிட்டுப் போன சுவரை, ஓரடி இறங்க மூன்றடி நீளும் சரிவாக்க வேண்டும். இங்கே புதியவர்கள் எளிதில் தவறக்கூடிய ஒரு கட்டம் உண்டு. சரிவை உண்டாக்க இடைக்கரையின் மேல் விளிம்பை வெட்டிக் கீழே தள்ளுவது மலிவு. ஆனால் அவ்வாறு செய்தால் இடைக்கரை ஒடுங்கிவிடும். ஏற்கெனவே ஒன்றுக்கு ஒன்று சரிவில் நிற்கும் 4 மீற்றர் ஆழக் குழியை ஒன்றுக்கு மூன்றாக வெட்டினால் இடைக்கரையில் 8 மீற்றர் போய்விடும். இடைக்கரை மிக அகலமாக இருந்தாலொழிய அதை வெட்டாதீர்கள். குழிக்குள்ளிருந்து மண் போட்டு மேலே ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

அதற்கு வேண்டிய மண்ணைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மேற்சொன்ன குழியில், கரையின் ஒவ்வொரு மீற்றர் நீளத்துக்கும் 16 கன மீற்றர் மண் தேவை. 50 மீற்றர் நீளத்துக்கு 800 கன மீற்றர், அதாவது ஏறத்தாழ 280 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). மூன்று கியூப் ஏற்றும் டிப்பரானால் தொண்ணூறு லோட்டுக்கு மேல், இறுக்கினால் இன்னும் கூடும். இந்தத் தொகையைக் கேட்டதும் பலருக்கு மனம் தளர்ந்துவிடும். ஆனால் குழியின் மற்றப் பக்கத்தில் அகழ்ந்தவர் ஒதுக்கிக் குவித்த மேல்மண் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். வெளியிலிருந்து வாங்குவதற்கு முன் அதை அளந்து பாருங்கள். முழுக் கரைக்கும் முடியாவிட்டால் ஒடுங்கிய இடத்திலும் வான் அமையும் இடத்திலுமாவது செய்யுங்கள்.

மண்ணை ஒரே கொட்டாகக் கொட்டிவிட்டுப் பெக்கோ வாளியால் தட்டிவிடுவது இறுக்குதல் ஆகாது. 15 முதல் 20 சென்ரிமீற்றர் படைகளாகப் பரப்பி, ஈரமாக்கி, றோலரால் உருட்ட வேண்டும். ஈரம் சரியா என்பதைக் கையாலேயே அறியலாம்: ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடித்து விரலைத் திறந்தால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், விரலிடுக்கால் நீர் கசியக் கூடாது, பெருவிரலால் அழுத்தினால் இரண்டு மூன்று துண்டாகப் பிளக்க வேண்டும். மாவாக உதிர்ந்தால் நீர் போதாது. பழைய சரிவின் மீது நேராகப் புது மண்ணைச் சாய்க்காமல், படிக்கட்டுப்போல் வெட்டிக்கொண்டு அதன் மேல் படைகளை வைத்தால்தான் இரண்டும் ஒட்டும்.

குழி முற்றாகத் தூர்க்கப்பட்டது, ஆகவே ஆபத்தில்லை என்று எண்ணுவோர் உண்டு. தூர்த்த மண் அசல் நிலத்தைவிடத் தளர்வானது. ஆறு மேலேறிப் பாய்ந்தால் முதலில் வாரிக்கொண்டு போவது அதைத்தான். தூர்த்த குழியின் மேற்பரப்பு சுற்று நிலத்தைவிடத் தாழ்ந்திருந்தால் மேற்சொன்ன கதை சிறிய அளவில் அங்கேயும் நடக்கும்.

குழிக்கு ஒரு வான்

வானுக்குரிய இடம் இடைக்கரையின் கீழ்முனை, அதாவது ஆறு போகும் திசையில் கடைசிப் பகுதி. அங்கே ஆற்றின் நீர்மட்டம் மேல்முனையைவிடத் தாழ்ந்திருப்பதால் நீர் குழிக்குள் வேகமின்றி நுழையும். மேல்முனையால் வெள்ளம் வழியும் நேரம் வருமுன் குழி நிறைந்துவிடும். நிறைந்த குழியில் விழுவதற்கு உயரம் இல்லை, விழாத நீர் குடைவதும் இல்லை. இது முழுவதும் தங்கியிருப்பது வானின் நெற்றி, அதாவது நீர் வழியும் மேல்விளிம்பு, எவ்வளவு உயரம் என்பதில். இடைக்கரையின் மற்றெல்லா இடத்தையும்விட அது குறைந்தது 30 சென்ரிமீற்றர் தாழ்ந்திருக்க வேண்டும். நீண்ட காணியாயின், வெள்ள வேளையில் ஆற்றின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் உள்ள மட்ட வேறுபாட்டையும் இதனுடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். 100 மீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் சாயும் ஆற்றில் 200 மீற்றர் நீளக் கரைக்கு 20 சென்ரிமீற்றர் கூடும்.

அகலத்தைக் கணக்கிட ஓர் எளிய வழி இருக்கிறது. அகன்ற நெற்றியின் மேல் நீர் 30 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பாய்ந்தால் ஒவ்வொரு மீற்றர் அகலத்தாலும் செக்கனுக்கு ஏறத்தாழ 0.28 கன மீற்றர் போகும். 10 மீற்றர் அகல வானுக்கு 2.8 கன மீற்றர். ஓர் ஏக்கர் பரப்பும் நீர்மட்டத்துக்கு மேல் 3 மீற்றர் வெற்றிடமும் உள்ள குழியில் நிரப்ப வேண்டியது சுமார் 12,000 கன மீற்றர். அது நிறைய ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடப் பிடிக்கும். மாரி வெள்ளம் படிப்படியாக ஏறும் ஆற்றில் அது போதும். வான் கதவுகளுக்குக் கீழே உள்ள ஆற்றில் போதாமல் போகலாம். அங்கே அகலத்தைக் கூட்டுங்கள். குழி இரண்டு ஏக்கருக்கு மேற்பட்டதாயின், அல்லது இடைக்கரையின் அகலம் குழியின் ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு கூட இல்லையாயின், இந்தக் கணக்கை நம்பி வேலை தொடங்காமல் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள். அந்த ஐந்து மடங்கு என் சொந்த எச்சரிக்கை அளவு, சட்டமல்ல.

வானின் நெற்றியிலிருந்து குழியின் அடிவரை இறங்கும் சரிவு, ஒன்றுக்கு நான்கு அல்லது அதைவிடத் தாழ்வாக இருக்கட்டும். கல் பதிப்பதை அடியில் நிறுத்திவிடாமல், நீர் விழுந்து சுழலும் தளத்திலும் சில மீற்றருக்கு நீட்ட வேண்டும். வெள்ளம் வடியும்போது குழியிலிருந்து ஆற்றுக்கு நீர் இதே வழியாகத் திரும்பும் என்பதால் ஆற்றுப் பக்க முகத்துக்கும் கல் வேண்டும். இடைக்கரைக்கு ஊடாகக் குழாய் பதித்துக் குழியை நிரப்பலாமே என்று சிலர் கேட்பார்கள். குழாயின் வெளிப்புறத்தை ஒட்டி நீர் கசிந்து மண்ணை அரித்துக்கொண்டு போகும் ஆபத்து இருப்பதால், நல்ல மேற்பார்வை இல்லாத இடத்தில் நான் அதை விரும்புவதில்லை.

கல்

செக்கனுக்கு 3 மீற்றர் வேகத்தில் பாயும் நீரைத் தாங்க, அமைதியான பாய்ச்சலாயின் சராசரி 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள கருங்கல்லும், நீர் விழுந்து சுழலும் இடத்தில் 38 சென்ரிமீற்றர் அளவிலான கல்லும் வேண்டும். வேகம் இரட்டித்தால் கல்லின் விட்டம் நான்கு மடங்காகும். சரிவைத் தாழ்த்துவதற்குச் செலவிடும் பணம் கல்லில் மிச்சமாவது இதனால்தான். படையின் தடிப்பு சராசரிக் கல்லின் ஒன்றரை முதல் இரு மடங்கு. எல்லாம் ஒரே அளவான கற்களாக இருக்கக் கூடாது. சிறியவை பெரியவற்றின் இடைவெளியை நிரப்ப வேண்டும். குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல் துளைகள் மிகுந்தது, எடை குறைந்தது. வீட்டு மதிலுக்கு ஏற்ற கல் வானுக்கு ஏற்றதல்ல. வன்னியின் உடைத்த கருங்கல்லே இதற்குப் பொருத்தம்.

கல்லுக்குக் கீழே வடிகட்டிப் படை இல்லாவிட்டால் மேலே எவ்வளவு பெரிய கல் போட்டாலும் பயனில்லை. கல்லிடுக்கால் நீர் உறிஞ்சும்போது கீழ் மண் சிறிது சிறிதாக வெளியேறி, கற்கள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்துவிடும். மண்ணின் மேல் மணல், அதன் மேல் சல்லி, அதன் மேல் கல் என்ற ஒழுங்கிலோ, இதற்கென விற்கப்படும் வடிகட்டித் துணியை விரித்தோ போடலாம். கற்பதிப்பின் அடிவிளிம்பை மண்ணுக்குள் ஆழப் புதையுங்கள். சரிவில் கல் குறைந்தால் பிறகு போட்டுக்கொள்ளலாம், அடி நழுவினால் மேலே உள்ளதெல்லாம் நழுவும்.

கம்பிக்கூடைக்குள் கல் நிரப்பி அடுக்கும் முறை இப்போது எங்கும் பரவியிருக்கிறது. சிறு கல்லைக் கொண்டு வேலையை முடிக்கலாம் என்பது அதன் நன்மை. கடனீரேரியின் உப்பு எட்டும் இடங்களில் கம்பி துருப்பிடித்துக் கூடைகள் வாய் திறந்துவிடும். அங்கே பிளாஸ்டிக் பூசிய கம்பி கிடைத்தாலன்றி வேண்டாம். உரப்பையில் மண் நிரப்பி அடுக்குவது வெள்ளம் வந்த இரவுக்கு மட்டும் உரியது. ஒரு கோடை வெயிலில் பை உக்கிவிடும்.

புல்லும் மரமும்

வானைத் தவிர்ந்த சரிவுகளுக்குக் கல் வேண்டியதில்லை, புல் போதும். அறுகு நன்றாகப் பிடிக்கும். அதனிடையே, சரிவுக்குக் குறுக்காக, ஒரு மீற்றர் உயர வித்தியாசத்துக்கு ஒரு வரிசையாக வெட்டிவேர் நடுங்கள். பதிகளுக்கிடையே 10 முதல் 15 சென்ரிமீற்றர். அதன் வேர் பக்கவாட்டில் படராமல் மூன்று மீற்றர் வரை நேராக இறங்கக் கூடியது. மண் வேலையை ஆவணிக்குள் முடித்து, புரட்டாதியில் நட்டு, மழை பிடிக்கும் வரை நீர் ஊற்ற வேண்டும். மாரி தொடங்கிய பின் நட்ட புல் முதல் வெள்ளத்தோடு போய்விடும். வேர் பிடிக்கும் வரை தும்புவலை விரித்து முளை அடித்து வைத்தால் மண் நிற்கும்.

அணைகளில் பனம் விதை நடுவது நம் பகுதியில் நல்ல வழக்கமாகப் பரவி வருகிறது. அகன்ற குளக்கட்டுகளில் அது சரி. ஒடுங்கிய இடைக்கரையின் உச்சியிலும் சரிவிலும் எந்தப் பெருமரமும் வேண்டாம் என்பது என் கருத்து. காற்றில் சாயும் மரம் வேரோடு மண்ணையும் பெயர்த்துக்கொண்டு போகும்; பட்டுப்போன மரத்தின் வேர் உக்கிய பின் அந்த ஓட்டை நீருக்கு வழியாகும். பனையையும் மருதையும் குழியின் நிலப்பக்க ஓரத்தில் வையுங்கள். ஆற்றங்கரையில் ஏற்கெனவே நிற்கும் மருதமரங்களை மட்டும் வெட்டக் கூடாது. கரையைப் பிடித்துக்கொண்டிருப்பவை அவைதான்.

குடாநாட்டுக் கல்லுக்குழிகள்

குடாநாட்டில் ஆறு என்று சொல்லத்தக்கது மாரியில் மட்டும் ஓடி அராலியில் கடனீரேரியைச் சேரும் வழுக்கையாறு ஒன்றே. அதை அண்டிய பள்ளங்களிலும் கல்லுக்குழிகளிலும் சரிவு பற்றிய கவலையைவிட நீர் பற்றிய கவலை பெரிது. சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகள் வழியாகக் குழிநீர் நிலத்தடி நீருடன் நேரே கலக்கும். அந்த நீரைத்தான் சுற்றியுள்ள கிணறுகள் எல்லாம் தருகின்றன. எனவே கல்லுக்குழியைக் குப்பையாலும் கட்டட இடிபாட்டாலும் நிரப்பிவிட்டு மேலே மண் போட்டு மூடுவது எந்த வகையிலும் நில மீட்பாகாது. வீதி வடிகாலும் மலசலகூடக் கழிவும் கலந்த வெள்ளநீர் நேரடியாகக் குழிக்குள் விழாதவாறு, நுழையும் வழியில் புல் படர்ந்த அகன்ற ஆழமற்ற வாய்க்கால் ஒன்றை அமைத்து, சேறு அங்கே படிய விட்டு, தெளிந்த நீர் இறங்கச் செய்யலாம்.

நீர் தேங்கும் எந்தக் குழியிலும், விளிம்பிலிருந்து சில மீற்றர் தூரத்துக்கு முழங்காலளவு ஆழமான படி ஒன்றை விட்டுவிடுங்கள். மாரியில் கைவிடப்பட்ட கிரவல் குழிகளில் சிறுவர்கள் மூழ்கி இறப்பது நாம் அடிக்கடி கேட்கும் செய்தி.

மாரி தொடங்கிய பின்

முதல் வெள்ளம்தான் மிகவும் கடுமையானது, ஏனெனில் குழி அப்போதுதான் வெறுமையாக இருக்கும். அதற்கு முன் வானில் வளர்ந்த பற்றையையும் அடைந்த குப்பையையும் அகற்றி, எலி வளைகளையும் நண்டுப் பொந்துகளையும் களிமண் இடித்து அடைத்து, மாட்டுத் தடம் விழுந்த உச்சியை மீண்டும் மட்டமாக்கி வையுங்கள். குழிக்குள் அடிக்கணக்குக் குறித்த தூண் ஒன்றும் ஆற்றோரம் இன்னொன்றும் நட்டால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தொலைபேசியில் கேட்டே நிலைமையை அறியலாம். யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு இது மிகப் பயன்படும்.

குழிப்பக்கச் சரிவில் நீர் கசிந்தால் அதன் நிறத்தைப் பாருங்கள். தெளிந்த கசிவைக் கவனித்துக்கொண்டிருந்தால் போதும். கலங்கிய நீர் கொப்பளித்து வந்தால் உள்ளே மண் அரிக்கப்படுகிறது என்பது பொருள். அதைக் களிமண்ணால் அடைக்க முயன்றால் நீர் வேறிடத்தால் வெடிக்கும். அந்த வாயின் மேல் மணல், அதன் மேல் சல்லி, அதன் மேல் கல் எனப் போட்டு, நீரை வெளியேற விட்டு மண்ணை மட்டும் தடுக்க வேண்டும். சுற்றிவர மண்மூட்டைகளை வளையமாக அடுக்கி நீரைச் சற்று உயர விட்டால் கொப்பளிப்புத் தணியும். இடைக்கரையின் உச்சியில் நீளவாக்கில் வெடிப்புத் தோன்றினால் எவரையும் அதன் மேல் நிற்க விடாமல், கீழே உள்ளவர்களுக்குச் சொல்லி, கிராம அலுவலரையும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தையும் அழையுங்கள்.

வெள்ளம் வடியும் இரண்டு மூன்று நாட்களிலும் கரையை விட்டு அகலக் கூடாது. ஆறு விரைவாக இறங்கும்போது, நனைந்து பாரமான ஆற்றுப் பக்கக் கரை தாங்கிப் பிடித்த நீரை இழந்து சரிவது இந்த நாட்களில்தான். வடிந்த பின் வானின் கற்களில் எவை நகர்ந்தன, அடிவிளிம்பில் பள்ளம் விழுந்ததா, முளைகளின் உயரம் மாறியதா என்பவற்றைப் படத்துடன் குறித்துவைத்து, பள்ளங்களை அடுத்த மழைக்கு முன்பே கல்லால் நிரப்பி, மண் வேலையைக் கோடைக்குத் தள்ளி வையுங்கள்.